செவிக்கு ஏற்ற காப்பு

உத்தரப் பிரதேசத்தில், இராமகங்கை ஆற்றங்கரையில், முராதாபாத் என்றொரு நகரம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. வடநாட்டார் அதைப் பித்தளை நகரம் என்றே வழங்குவர். பட்டறைகள் நெருங்கிய அதன் குறுகிய தெருக்களில் நடந்து செல்பவருக்குப் பாத்திரங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே, சுத்தியலின் ஓசையும், அரத்தின் ஓசையும், மெருகேற்றும் சக்கரத்தின் ஓசையும் காதில் வந்து மோதும். கடை வாயிலில் நின்று விலை கேட்டால், உள்ளே அமர்ந்திருக்கும் முதியவர் சிலர் நம் வாயை உற்றுப் பார்த்த பிறகே விடை சொல்லுவர். உதடுகளின் அசைவைக் கொண்டு சொல்லை ஊகித்து அறியும் பழக்கம் அது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. இத்தாலி நாட்டு மருத்துவராகிய பெர்னார்டினோ ராமாஜீனி என்பவர், தொழிலாளரைப் பற்றும் நோய்களைக் குறித்து இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1700-ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து, 1713-இல் விரிவு பெற்ற நூல் அது. வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர் நாள் முழுவதும் உலோகத்தைத் தட்டித் தட்டியே காது மந்தமாகி, முதுமையில் செவிடராகின்றனர் என்று அதில் அவர் எழுதி வைத்தார். பின்னர் நீராவி யுகம் பிறந்தது. கப்பல்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் வேண்டிய பெரிய கொதிகலன்களைத் தறையாணி அடித்துப் பூட்டிய தொழிலாளரிடையே செவிட்டுத்தன்மை மிகவும் பரவியது. ‘கொதிகலன்காரர் செவிடு’ என்று ஆங்கிலேயர் அதற்குத் தனிப் பெயரே இட்டுவிட்டனர். 1886-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார் என்பவர் கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்போர் 100 பேர், தபால்காரர் 100 பேர் ஆகியோரின் செவிப்புலனைச் சோதித்து ஒப்பிட்டார். கொதிகலன் தொழிலாளரின் நிலை ஏனையோரைவிட மிக மோசமாக இருந்தது. பொதுக்கூட்டத்தில் பேசுவோரின் பேச்சு அவர்களுள் பெரும்பாலோருக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றும் அவர் கண்டறிந்தார்.

ஆகவே, இரைச்சல் காதைக் கெடுக்கும் என்னும் செய்தி புதியதன்று. கெடாமல் காக்கும் சாதனங்கள் மலிவாகக் கிடைக்கின்ற இக்காலத்திலும் காதுகள் கெட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் சிந்திக்கத் தக்கது. சாதனம் இல்லாமை இதற்குக் காரணமன்று. பொருத்தமான சாதனத்தைத் தேர்ந்தெடுக்காமையும், தேர்ந்தெடுத்ததை முறையாக அணியாமையுமே பெரும்பாலும் காரணமாகின்றன. அதைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

காதின் உள்ளே நடப்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். செவிப்பறையைத் தாண்டி, மூன்று சிறு எலும்புகளைத் தாண்டி, நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. வந்து சேரும் அதிர்வை நரம்புக்கு உரிய செய்தியாக மாற்றித் தருவதில் இவைதாம் முதன்மையானவை. பெருத்த இரைச்சலில் இவை சோர்ந்து வளைகின்றன. ஓய்வு கிடைத்தால் ஓரளவு நிமிர்ந்துகொள்கின்றன. ஓய்வின்றி நாள்தோறும் அடிபட்டால் மடிந்து போகின்றன. பறவைகளுக்கு மடிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைக்கும் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மனிதனுக்கு அந்தப் பேறு இல்லை. காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தரும்; மாண்ட அணுவை அது எழுப்பித் தராது.

மேலும், இந்தக் கேடு வலியின்றி வருகிறது. முதலில் பாதிக்கப்படுவது நாம் பேசும் ஒலிகளின் நடுப்பகுதி அன்று. வினாடிக்கு ஏறத்தாழ 4,000 அதிர்வுகள் கொண்ட உச்ச ஒலிப் பகுதியே முதலில் குன்றுகிறது. உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டுகிற வல்லின மெய்களின் கூர்மையான ஓசை மட்டும் மங்கிவிடும். பத்து, சத்து, கத்து ஆகிய மூன்று சொற்களும் அத்தகைய காதுக்கு ஒரே சொல்லாகவே படும். அதனால்தான், இரைச்சலில் உழைத்தவர் தமக்குக் காது கேட்கவில்லை என்று ஒருபோதும் சொல்லமாட்டார். “நீங்கள் எல்லாரும் ஏன் இப்படி முணுமுணுக்கிறீர்கள்?” என்றே கேட்பார்.

என் பெரியப்பா ஒருவர் வடநாட்டு ரயில் பணிமனை ஒன்றில் இரும்புத் தகடு செதுக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். பணியில் இருந்தவரை அவர் காதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை, அவரும் கவலைப்படவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பிறகுதான், கூடத்தில் எல்லாரும் சிரிக்கும்போது அவர் ஒரு கணம் தாமதித்துச் சிரிப்பதைப் பிள்ளைகள் கவனித்தனர். பிறர் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்து வந்திருக்கிறார். சில ஆண்டுகளில் கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். பேத்தியின் மெல்லிய குரல்தான் அவருக்கு முதலில் கேட்காமற் போயிற்று. குழந்தைகளின் குரல் உச்ச ஒலியாதலின் அவ்வாறு நேர்வது இயல்பே என்று மருத்துவர் விளக்கினார். விளக்கம் சரிதான், ஆனால் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. தாத்தாவுக்குத் தன்மேல் கோபம் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

இனி அளவுக்கு வருவோம். ஒலியின் வன்மையை டெசிபல் என்னும் அலகால் அளக்கின்றனர். இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. 3 டெசிபல் கூடினாலே ஆற்றல் இரட்டித்துவிடுகிறது. இயல்பான உரையாடல் 60 டெசிபல் அளவினது. விசைத்தறிக் கூடங்களில் 95 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் மிகச் சாதாரணம். இரும்பைச் செதுக்கும் இடங்களில் 100-ஐத் தாண்டும்.

எவ்வளவு இரைச்சலில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி நம் நாட்டில் வகுத்த மாதிரி விதிகளில், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்றும், 95 ஆனால் நான்கு மணி என்றும், 100 ஆனால் இரண்டு மணி என்றும் வரையறை செய்திருந்தனர். அமெரிக்கத் தொழில் நல ஆராய்ச்சி நிறுவனத்தினரோ எட்டு மணிக்கு 85 என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும் என்றும் 1998-இல் பரிந்துரைத்தனர். இந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் கால் மணி நேரமே இருக்கலாம். காதின் பக்கம் நின்று யோசித்தால், பின்னது கூறும் அளவைக் கைக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. 90 என்பது, எவருக்கும் தீங்கு நேராது என்று உறுதி கூறும் எல்லையன்று.

அளவுக் கருவி கையில் இல்லாதவர் என்ன செய்வது? ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அவ்விடத்தில் ஏறத்தாழ 85 டெசிபலோ அதற்கு மேலோ இருக்கிறது என்று கொள்ளலாம். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் காதில் ‘ஙொய்’ என்ற ரீங்காரம் கேட்டாலும், தொலைக்காட்சியின் ஒலியை வழக்கத்தைவிடக் கூட்டி வைக்கத் தோன்றினாலும் அதுவும் ஓர் எச்சரிக்கை.

காப்புச் சாதனத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே தணிப்பதுதான் முதற்கடமை. தேய்ந்த பற்சக்கரத்தை மாற்றுதல், ஆடும் தகட்டை முடுக்குதல், அமுக்கக் காற்று வெளியேறும் குழாய்க்கு ஒலித்தணிப்பான் பொருத்துதல், ஜெனரேட்டரைச் சுற்றி அடைப்புக் கட்டுதல் ஆகியவை ஆலை நடத்துவோரின் பொறுப்பு. ஒரு பொட்டலம் செவியடைப்பானைத் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்துபோவதில்லை. இரைச்சலால் நேரும் செவிட்டுத்தன்மை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் அட்டவணையில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் எல்லா இரைச்சலையும் இயந்திரத்திலேயே அடக்கிவிட இயலாது. எஞ்சியதற்குத்தான் காப்பு.

என் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. பாதுகாப்புக் கையேடுகளைத் தமிழாக்கும்போது இந்தச் சாதனங்களுக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வி அடிக்கடி எழும். ஆலைகளில் தமிழர் உட்பட எல்லாரும் ‘இயர் பிளக்’, ‘இயர் மஃப்’ என்றே சொல்லுகின்றனர். காதுக்குள் செருகுவதைச் செவியடைப்பான் என்றும், காதின்மேல் கவிழ்ப்பதைச் செவிமூடி என்றும் இப்பேச்சில் சொல்லுகிறேன். ‘அடைப்பான்’ என்ற பெயரைக் கேட்டவுடன், அணிந்தால் ஒன்றுமே கேட்காது போலும் என்ற அச்சம் எழுகிறது; ஆதலின் அப்பெயர் எனக்கு முழுதும் உவப்பானதன்று. எனினும் அதைவிட நல்லது அகப்படவில்லை.

செவியடைப்பான்களில் எங்கும் காணப்படுவது நுரைப்பஞ்சினால் ஆனது. விரலால் உருட்டி மெல்லியதாக்கிச் செருகினால், உள்ளே விரிந்து குழலை நிறைத்துக்கொள்ளும். விலை மிகக் குறைவு. முறையாகச் செருகினால் மிக நல்ல காப்புத் தரும். ஆனால் உருட்டும் விரல்களில் எண்ணெயும் உலோகத் தூளும் இருந்தால் அவை காதுக்குள் போய்விடும். அடுக்கடுக்கான வளையங்களோடு ரப்பர் போன்ற பொருளில் வார்த்த அடைப்பான் இரண்டாவது வகை. இதை உருட்ட வேண்டியதில்லை. காம்பைப் பிடித்துச் செருகலாம். சோப்பு நீரில் கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். இயந்திர எண்ணெயில் கை நனைந்து, மணிக்கு ஒரு முறை கழற்றி மாட்ட வேண்டிய வேலையில் இருப்போருக்கு நுரைப்பஞ்சைவிட இதுவே தகும். அவரவர் காதின் அச்செடுத்து வார்ப்பதும் உண்டு, விலை அதிகம். கழுத்தைச் சுற்றிய வில்லின் இரு முனைகளிலும் அடைப்பான் அமைந்த வகை, ஆலைக்குள் அவ்வப்போது வந்து போகும் மேற்பார்வையாளருக்கு ஏற்றது. நாள் முழுதும் அணிவதற்கு அன்று.

செவிமூடியோ இரு கிண்ணங்களைத் தலைப்பட்டையால் இணைத்தது. அணிவது எளிது. சரியாக அணிந்திருக்கிறாரா என்பதைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். காதில் சீழ் வடிவோர் அடைப்பான் செருகலாகாது. அவர்களுக்கு மருத்துவர் இசைவோடு இதுவே வழி. ஆனால் கிண்ணத்தின் விளிம்பு தோலோடு இடைவெளியின்றிப் படிந்தால்தான் பயன் உண்டு. மூக்குக் கண்ணாடியின் காம்பு ஊடே புகுந்தாலே காப்பில் சில டெசிபல் குறைந்துவிடும். அடர்ந்த முடியும், முக்காடும், தலைப்பாகையும் அவ்வாறே. சீக்கியத் தொழிலாளர் பலர் பணிபுரியும் இடத்துக்குத் தலைமேற்பட்டை கொண்ட செவிமூடிகளை மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்குச் செவியடைப்பானே பெரும்பாலும் பொருத்தம். தலைக்கவசம் கட்டாயமான இடத்தில் கவசத்தோடே பொருத்தும் செவிமூடி கிடைக்கிறது.

வெயிலையும் மறத்தல் ஆகாது. மே மாதத்தில், கூரைத் தகடு கொதிக்கும் கொட்டகையில், செவிமூடியை அரைமணி அணிந்தால் வியர்வை வழிந்து காதோரம் அரிப்பெடுக்கும். குளிர்நாட்டில் எழுதிய விளம்பரத் தாள்களில் இந்தச் செய்தி இராது. கோடையில் அடைப்பானும் குளிர்காலத்தில் மூடியும் என்று மாற்றிக்கொள்ள இடமளித்தால் என்ன கெட்டுவிடும்?

இனி, பொட்டலத்தின்மேல் அச்சிட்ட எண். அமெரிக்க முறையில் என்.ஆர்.ஆர். என்றும், ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். என்றும் ஓர் எண் இருக்கும். அந்தச் சாதனம் எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட எண் அது. ஆய்வுக்கூடத்தில் வல்லுநர் முன்னிலையில் அமைதியாக அமர்ந்து அணிபவருக்குக் கிட்டும் காப்பு, அவசரமாக முறைமாற்றத்துக்கு ஓடிவரும் தொழிலாளிக்குக் கிட்டுவதில்லை. அதனால் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையினர் என்.ஆர்.ஆர். எண்ணில் 7-ஐக் கழித்து, மீந்ததைப் பாதியாக்கிக் கணக்கிடுமாறு அறிவுறுத்துகின்றனர். 29 என்று அச்சிட்ட அடைப்பானுக்கு 7 போக 22. அதில் பாதி 11. தறிக்கூடத்தில் 98 டெசிபல் என்றால், காதில் எஞ்சுவது 87. வெளியிலிருந்து 29-ஐக் கண்டவர் 69 தான் எஞ்சும் என்று நிம்மதியடைந்திருப்பார். அடைப்பானும் மூடியும் இரண்டும் சேர்த்து அணிந்தால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுவதும் தவறு. இரண்டில் உயர்ந்ததைவிட 5 டெசிபல் அளவே கூடுதலாகக் கிடைக்கும். காது முழுவதும் அடைபட்டாலும் மண்டை எலும்பின் வழியாக ஒலி உட்செவியை அடையும் அல்லவா?

அதைவிட முக்கியமானது ஒன்று. 30 டெசிபல் குறைக்கும் சாதனம், ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது என்று முன்பு கண்டோம். அதை ஒருவர் அரைமணி நேரம் கழற்றி வைத்துவிட்டு அதே இரைச்சலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரைமணியில் அவர் காதுக்குள் புகும் ஆற்றல், சாதனத்தை அணிந்தபடி 500 மணி நேரம் உழைத்தால் புகுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட வேலைநாட்களின் அளவு! எட்டு மணி நேர வேலையில் அரைமணி கழற்றினால், 30 டெசிபல் சாதனம் உண்மையில் தருவது 12 டெசிபல் காப்புத்தான். 15 டெசிபல் மட்டுமே குறைக்கும் எளிய சாதனத்தை நாள் முழுதும் கழற்றாமல் அணிந்தவர் இவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

ஆகவே பெரிய எண்ணைத் தேடுவதைவிட, கழற்றத் தோன்றாத சாதனத்தைத் தேடுவதே அறிவுடைமை. ஏன் கழற்றுகின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்துகிறது, வியர்க்கிறது என்பன ஒருபுறம். மேஸ்திரி அழைப்பது கேட்கவில்லை என்பது மற்றொரு காரணம். அளவுக்கு மிஞ்சிய காப்பு இந்த இடத்தில் தீங்காகிறது. 88 டெசிபல் மட்டுமே உள்ள இடத்தில் 30 டெசிபலை உண்மையாகவே குறைத்துவிட்டால், உலகமே அற்றுப்போனது போல் தோன்றும். எச்சரிக்கை மணியும், பின்னோக்கி வரும் வண்டியின் ஒலியும் கேளா. காதில் எஞ்சும் ஒலி 75 முதல் 80 டெசிபல் வரை இருப்பது நன்று என்றும், 70-க்குக் கீழே போவது மிகை என்றும் ஐரோப்பிய நெறிமுறை கூறுகிறது.

மிகுந்த இரைச்சலில், நல்ல காதுடையவருக்குக் காப்பு அணிந்தால் பேச்சு குறையாது; சில வேளைகளில் அதிகமாகவே விளங்கும். கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவர் தெளிவாகப் பார்ப்பது போன்றது அது. ஆனால் ஏற்கெனவே காது மந்தமானவருக்கு இது பொருந்தாது. ஒலியை ஒரே சீராகக் குறைக்கும் சிறப்பு அடைப்பானோ, மெல்லிய ஒலியை உள்ளே விட்டு வன்மையான ஒலியை மட்டும் தடுக்கும் மின்னணுச் செவிமூடியோ அவருக்கு வேண்டும். தண்டவாளத்தில் வேலை செய்யும் குழுவினர் போன்று, ஊதலின் ஒலியைக் கேட்டே உயிர் பிழைக்க வேண்டியவர்களுக்கும் சாதனத்தை அவ்வாறே ஆராய்ந்து அளிக்க வேண்டும். கல்யாண ஊர்வலங்களில் பாண்டு வாசிப்போரும், மேளம் கொட்டுவோரும், அவர்கள் பக்கத்தில் நின்று வாசிப்போரும் பயன்படுத்தத் தக்கவை அந்தச் சீரான வகை அடைப்பான்களே. ஸ்வரம் கெடாமல் ஒலி மட்டும் தாழும்.

செருகும் முறையைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் வீண். கையைக் கழுவித் துடையுங்கள். நுரைப்பஞ்சை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போல் உருட்டுங்கள். வலக்காதுக்கு இடக்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய், காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த செவிக்குழல் அப்போது நேராகும். வலக்கையால் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு உரக்க ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கனத்து ஒலித்தால் சரியாகச் செருகியிருக்கிறீர்கள். இயந்திர ஓசையின் நடுவே இரு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் இரைச்சல் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக அமரவில்லை என்பது பொருள். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கலாகாது; மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. சாதாரணப் பஞ்சு தடுக்கும் இரைச்சல் மிகச் சொற்பம். அதைவிடக் கேடானது, காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையை அது தந்துவிடுவது. இக்கால இளைஞர் காதில் மாட்டியிருக்கும் பாட்டுக் கேட்கும் கருவியும் செவிக்காப்பு ஆகாது. வெளியிரைச்சலை நீக்கும் என்று விளம்பரம் செய்யும் வகையும் தொழிற்கூடத்துக்கெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதன்று. இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டி வைப்பவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். நம் நாட்டில் செவிக்காப்புச் சாதனங்களுக்கென ஐ.எஸ். 9167 என்னும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு. பொட்டலத்தில் அதைத் தேடிப் பார்த்து வாங்குவது நலம்.

வெடிச்சத்தம் தனி இனம். துப்பாக்கியின் ஒலி 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காது நிலையாகக் கெட்டுவிடக் கூடும். தீபாவளிப் பட்டாசுக்கு நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்று 1999-இல் அரசு உச்ச வரம்பு விதித்தது. நான்கு மீட்டர் தள்ளி நின்று வெடிக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை நேயர்களே அறிவீர்கள். சிறுவரின் தலைக்கு ஏற்ற சிறிய செவிமூடி கடைகளில் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கு அடைப்பான் செருகலாகாது.

தொழிற்கூடங்களில் சாமான் வாங்குவோரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரே ரகத்தில் ஆயிரம் வாங்கினால் விலை குறையும் என்பது உண்மையே. ஆனால் செவிக்குழலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இரு காதுகளுக்கும்கூடச் சில வேளைகளில் மாறும். செருப்பை ஒரே அளவில் ஆயிரம் வாங்கி எல்லாருக்கும் பங்கிடுவார் உண்டா? இரண்டு மூன்று ரகங்களை வாங்கி, ஒவ்வொருவரும் ஒரு வாரம் அணிந்து பார்த்துத் தமக்கு இசைந்ததைத் தெரிந்துகொள்ள விடுங்கள். அவர் அணிந்த நிலையில் எவ்வளவு காப்புக் கிடைக்கிறது என்று அளந்து காட்டும் கருவிகளும் இப்போது வந்துள்ளன. பெரிய ஆலைகளுக்கு அது கட்டுபடியாகாத செலவன்று. செவிமூடியின் மெத்தை இறுகியோ வெடித்தோ போனால் உடனே மாற்றிக் கொடுங்கள்; மெத்தை கெட்ட மூடி வெறும் அலங்காரம்.

ஆண்டுக்கு ஒரு முறை செவிப்புலச் சோதனையும் நடத்த வேண்டும். முதற்சோதனையை வேலையில் சேரும்போதே செய்துகொள்வது நல்லது. சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காது இரைச்சலில் படாமல் ஓய்வு கொண்டிருக்க வேண்டும். முறைவேலை முடிந்து நேரே சோதனை அறைக்குப் போனால் அன்றைய களைப்பும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். வார விடுமுறை முடிந்து திரும்பும் நாளின் காலையில், இயந்திரம் ஓடத் தொடங்குமுன் நடத்துவது இதற்கு வசதியான ஏற்பாடு. சோதனைத் தாளில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு கோடு வரைந்திருப்பர். 4,000 என்று குறித்த இடத்தை அடுத்து அந்தக் கோடு பள்ளம் விழுந்திருந்தால், அதைக் காது மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். தாளின் ஒரு படியைத் தொழிலாளி தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுத் தாளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட அது தேவைப்படும்.